பழைய அம்பாசிடருக்கு ‘ஒரிஜினல்’ பார்ட்ஸ் தேடுறீங்களா? நகல் பாகங்களை எதில் நம்பலாம், எதில் நம்பக்கூடாது?

“ஏனுங்ண்ணா, இது ஒரிஜினலுங்களா?”

“கம்பெனி ஐட்டம் இப்ப வர்றதே இல்லீங்களே. இது லோக்கல்தானுங்க. ஆனா நல்லா உழைக்கும்.”

கோவையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். தாத்தா வாங்கிப் போட்ட அம்பாசிடர், அப்பா ஓட்டிய பத்மினி, எஸ்டேட்டில் ஓடித் தேய்ந்த ஜீப் என்று ஷெட்டில் கிடந்த வண்டிகளை மறுபடியும் ரோட்டில் இறக்கும் ஆசை கொங்கு மண்டலத்தில் நிறைய பேருக்கு இருக்கிறது. வேலையை ஆரம்பித்ததும் முதலில் வந்து நிற்பது பார்ட்ஸ் பிரச்சினைதான்.

“ஒரிஜினல்னா நல்லது, லோக்கல்னா மட்டம்” என்பதுதான் பலருடைய கணக்கு. பாதி நேரம் அது சரி. மீதி பாதியில், பெட்டி பிரிக்காத ஒரிஜினல் பாகம்தான் உங்களை மலைப்பாதையில் பிரேக் இல்லாமல் நிறுத்தும். எந்த இடத்தில் எது என்று பார்க்கலாம்.

‘ஒரிஜினல்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. மும்பை குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. சென்னை வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் இன்னும் பழைய கதை. ஆக, கம்பெனியிலிருந்து புதிதாக வரும் பாகம் என்று இந்த வண்டிகளுக்கு எதுவும் கிடையாது.

அப்படியானால் கடையில் ஒரிஜினல் என்று நீட்டுவது என்ன? சில நேரம் அது 30, 40 வருடங்களுக்கு முன் தயாராகி, யாரும் வாங்காமல் குடோனில் தூங்கிய பழைய ஸ்டாக். சில நேரம் வேறொரு வண்டியிலிருந்து கழட்டியது. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் கிடைப்பது இந்த வகைதான்.

இன்னொரு வகையும் உண்டு. கார் கம்பெனிகள் எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. மின்சாரப் பாகங்களை லூகாஸ் டிவிஎஸ், பிரேக் பாகங்களை பிரேக்ஸ் இந்தியா என வெளி நிறுவனங்கள் செய்து கொடுத்தன. இரண்டுமே 1960-களின் தொடக்கத்தில் சென்னை பாடியில் தொடங்கியவை. கார் கம்பெனி மூடிய பிறகும், பாகம் செய்த கம்பெனியின் பெயரில் வரும் சரக்கு மார்க்கெட்டில் இருக்கும். கார் கம்பெனியின் முத்திரை இல்லாவிட்டாலும் இதுவும் ஒரிஜினலுக்குச் சமம்தான்.

இவை தவிர மற்றதெல்லாம் நகல். நகல் வேறு, போலி வேறு என்பதை இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு சின்னப் பட்டறை தன் சொந்தப் பெயரில் பத்மினி கதவுப் பிடி செய்து விற்றால் அது நகல். அதே பிடியை ஒரு பெரிய கம்பெனியின் பெட்டியில், அந்த கம்பெனியின் லோகோவோடு விற்றால் அது போலி. 1999-ம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டப்படி அதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நகல் என்று சொல்லிவிட்டு வைத்தால் அதில் ஒரு குறையும் இல்லை. அவிநாசி ரோட்டில் 2015-ல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போனால் 1886-ம் ஆண்டின் பென்ஸ் மூன்று சக்கர வண்டியைப் பார்க்கலாம். அது நகல்தான், நகல் என்றே சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதில் எந்தக் குறையும் இல்லை.

அட, அம்பாசிடரே ஒரு வகையில் அப்படித்தானே! இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸ் காரின் உருவம், அதே 1489 சிசி பெட்ரோல் என்ஜின் என்று இங்கே வந்து, 1950-களின் இறுதியிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய வண்டி அது. அதை யாரும் டூப்ளிகேட் என்று சொல்வதில்லை. காரணம், வரைபடமும் அச்சும் உரிமையோடு கைமாறி வந்தன.

நகல் பாகத்தின் தரத்தில் முதல் கேள்வியே இதுதான். வரைபடம் யாரிடம் இருக்கிறது?

இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம், பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் முழு பாடி ஷெல்லை 1988 முதல் புதிதாக அடித்துக் கொடுக்கிறது. கம்பெனி அந்தக் காலத்தில் பயன்படுத்திய பிரஸ் அச்சுகளைத் தேடிப்பிடித்து அவற்றிலேயே அடித்ததால், கதவும் பானெட்டும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. ஜப்பானில் டொயோட்டாவே 2020 முதல் தன் பழைய 2000 ஜிடி, சுப்ரா கார்களுக்குச் சில பாகங்களை மறுபடி தயாரித்துத் தருகிறது. அம்பாசிடருக்கோ பத்மினிக்கோ அப்படிக் கம்பெனியே முன்வந்து செய்யும் ஏற்பாடு இல்லை. அதனால் இங்கே பட்டறைக்காரர் கையில் இருக்கும் ஒரே வரைபடம், தேய்ந்துபோன பழைய பாகம்தான்.

கோவையில் எதையும் செய்துவிடலாம், ஆனால்...

1937-லேயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. ஃபவுண்டரி, பேட்டர்ன் கடை, லேத், கியர் கட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் என எல்லாம் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் ஒரு பாகத்தைக் காட்டி “இதே மாதிரி ஒண்ணு வேணுங்க” என்றால் செய்து கொடுக்க ஆள் கிடைப்பார். பஸ் பாடி கட்டும் கரூர், லாரிக்குப் பேர்போன நாமக்கல், சங்ககிரி என்று தகடு வேலை தெரிந்த கைகளுக்கும் இந்தப் பக்கம் குறைவில்லை.

‘இதே மாதிரி’ என்று கேட்கும்போதுதான் தப்பு நடக்கிறது.

வார்ப்பு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும். அலுமினியம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கும். பழைய பாகத்தை அப்படியே மண்ணில் அழுத்தி அச்செடுத்து வார்த்தால், 300 மில்லிமீட்டர் நீளப் பாகம் 3 மில்லிமீட்டர் குறைந்து வரும். போல்ட் ஓட்டை பொருந்தாது. இல்லையென்றால் ஓட்டையை இழுத்துப் பெரிதாக்கி மாட்டுவார்கள், கொஞ்ச நாளில் கேஸ்கெட் கசியும். நல்ல பேட்டர்ன்காரர் இந்தச் சுருக்கத்துக்கும், பிறகு லேத்தில் கடைவதற்கும் சேர்த்து அளவு கூட்டித்தான் பேட்டர்ன் செய்வார். பம்ப் செட் பார்ட்ஸில் தினமும் செய்கிற வேலைதான் அது. ஆனால் அதற்குத் தனிக் கூலி ஆகும். ஒரே ஒரு பாகத்துக்கு அந்தச் செலவு எதற்கு என்று வண்டிக்காரரே தவிர்த்துவிடுவதும் உண்டு.

அடுத்தது தேய்மானம். 40 வருடம் உழைத்த புஷ்ஷின் அளவை எடுத்து அதே அளவில் புதிது கடைந்தால், புதுப் பாகத்திலும் 40 வருடத் தேய்மானம் கூடவே வரும். அந்த நகலைப் பார்த்து இன்னொருவர் நகல் எடுத்தால் கேட்கவே வேண்டாம். “லோக்கல் பார்ட்டு ஃபிட் ஆகாது” என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இதுதான். வேலைக்காரரின் கையில் குறை இல்லை, அளவெடுத்த மாதிரியில்தான் குறை.

இவை இரண்டும் மாட்டும்போதே தெரிந்துவிடும் தப்புகள். தெரியாத தப்பு உலோகத்துக்குள் இருக்கிறது. ஒரு கியர் பல்லோ, கேம்ஷாஃப்ட்டோ, ஸ்டியரிங்கில் வரும் டை ராட் எண்டோ, வெளித்தோல் கெட்டியாகவும் உள்ளே கொஞ்சம் நெகிழ்வாகவும் இருந்தால்தான் தேயாமலும் உடையாமலும் உழைக்கும். அதற்குச் சரியான ரக எஃகு வேண்டும், சரியான சூட்டில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்ய வேண்டும். சாதா மைல்டு ஸ்டீலில் கடைந்து பாலிஷ் போட்டாலும் பார்க்க அச்சு அசல் அதேதான். பழைய மெக்கானிக்குகள் ஒரு அரத்தை எடுத்து ஓரத்தில் லேசாக உரசிப் பார்ப்பார்கள். கெட்டிப்படுத்திய எஃகில் அரம் வழுக்கும், சாதா எஃகில் கடிக்கும். இது முதல் சோதனை மட்டுமே. சந்தேகம் என்றால் கோவையில் உலோகச் சோதனைக் கூடங்களுக்குப் பஞ்சமில்லை, கடினத்தன்மையை எண்ணாகவே எழுதித் தருவார்கள்.

ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பிரேக் டிரம் போன்றவற்றில் பெயர் தெரியாத நகலை மாட்டுவதைவிட, விரிசல் இல்லாத நல்ல பழைய பாகத்தைத் தேடி எடுத்துச் சரிசெய்வதே மேல். உதாரணமாக பிரேக் மாஸ்டர் சிலிண்டர். உள்சுவர் துருவால் குழி விழுந்திருந்தால், பழைய வார்ப்பை வைத்துக்கொண்டு, உள்ளே கடைந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் இறக்கிவிடலாம். வெளியே ஒரிஜினல், உள்ளே புதுசு. துல்லியமாகக் கடையத் தெரிந்த ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ரப்பர்: இங்கே ஒரிஜினல்தான் வில்லன்

“பெட்டியே பிரிக்கலீங்க, 1985 ஸ்டாக்கு” என்று ஒரு பிரேக் கிட் கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டாம். ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் வயதாகும். இறுகும், ஓரத்தில் நுண்ணிய வெடிப்பு விடும். பழைய மாடல்களில் பிரேக் ஒரே சர்க்யூட். ஒரு வீல் சிலிண்டர் கப் கிழிந்து ஆயில் வெளியேறினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போகும். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்த இறக்கத்தில் பெடல் தரையைத் தொடுவதை நினைத்துப் பாருங்கள்.

பிரேக் கப், ஹோஸ், ஃபேன் பெல்ட், என்ஜின் மவுன்டிங், கண்ணாடி பீடிங் எல்லாமே புதிதாகச் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். அதிலும் தயாரித்த கம்பெனியின் பெயரும் தேதியும் இருப்பதை வாங்குவது உத்தமம். டயருக்கும் இதே விதிதான். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் முழுசாக இருக்கிறதே என்று பத்து வருட டயரில் ஓட்டுவது ஆபத்து.

பெட்ரோல் லைனில் விஷயம் இன்னும் தீவிரம். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பத்மினி தயாரான காலத்தில் அப்படி ஒரு பெட்ரோலை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும், பிறகு வெடிக்கவைக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் துருவையும் வளர்க்கும். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு மாற்ற வேண்டி வரலாம் என்று 2025 ஆகஸ்ட்டில் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. 40 வருடம் பழைய ஹோஸ் என்றால் சொல்லவே வேண்டாம். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதனால் பெட்ரோல் ஹோஸ், ஃபியூயல் பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் ஆகியவற்றில் ஒரிஜினலைத் தேடாதீர்கள். எத்தனாலைத் தாங்கும் என்று குறிப்பிட்ட புதுச் சரக்கைக் கேட்டு வாங்குங்கள். ஹோஸ் மேல் ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ என்று அச்சிட்டிருந்தால் எத்தனாலுக்குப் பயப்பட வேண்டாம்.

முன் கண்ணாடியும் இப்படித்தான். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள புது லேமினேட்டட் கண்ணாடி உடைந்தாலும் சிதறி முகத்தில் கொட்டாது. பழைய ஒரிஜினல் கண்ணாடிகள் பலவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சின்ன பாகம், பெரிய தலைவலி

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர் ஆர்ம் விரல் நீளம்கூட இருக்காது. ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் மத்தியில் இந்தப் பாகத்தின் நகல்கள் பெரிய கெட்ட பெயர் வாங்கின. பித்தளைத் தகட்டைப் பிடிக்க ரிவெட் அடித்திருந்தார்கள். பிளாஸ்டிக்கின் தரமும் சுமார். வண்டி சூடானதும் மின்சாரம் ரிவெட் வழியாக உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டுக்குத் தாவிவிடும். என்ஜின் பட்டென்று நிற்கும். ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கார்புரேட்டர், காயில், பம்ப் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்து அலுத்துப் போன பிறகுதான் காரணம் தெரிந்தது.

கடைசியில் அங்கே ஒரு நிபுணர் கடை, ரிவெட் இல்லாமல், நல்ல சிவப்பு நிறப் பொருளில் ரோட்டர் ஆர்ம் செய்து விற்றது. கெட்ட நகலுக்கு மருந்தாக வந்ததும் ஒரு நகல்தான். அம்பாசிடரின் டிஸ்ட்ரிபியூட்டரும் லூகாஸ் வகையைச் சேர்ந்தது என்பதால், சூடானால் நிற்கும் வண்டி வைத்திருப்பவர்கள் மூடியைத் திறந்து ரோட்டர் ஆர்மில் ரிவெட் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

தகடும் குரோமும்

ஜீப்புக்குத் தனியாகச் சேசிஸ் உண்டு. அம்பாசிடருக்குக் கிடையாது, பாடியேதான் சேசிஸ். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியும் தரையும் சேர்ந்துதான் வண்டியின் பாரத்தைச் சுமக்கின்றன. அங்கே துரு பிடித்ததை வெட்டி எடுத்துவிட்டு மெல்லிய தகடு வைத்து பட்டி பூசிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஜாக்கி போட்டுத் தூக்கும்போது கதவு மூடாது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு சின்ன காந்தத்தை வைத்துக்கொள்வது நல்லது. பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது.

பம்பர், கிரில் விஷயத்தில் உயிர் போகாது, காசுதான் போகும். பளபளப்பைக் கொடுக்கும் குரோம் படலம் அரை மைக்ரானுக்கும் குறைவு. துருவைத் தடுப்பது அதற்குக் கீழே இருக்கும் நிக்கல். அது 20 மைக்ரான் அளவுக்காவது வேண்டும். மலிவு நகல்களில் நிக்கலைக் குறைத்துவிடுவார்கள். கடையில் இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும். ஒரு மழைக்காலம் முடிந்தால் ஒன்றில் பழுப்புப் புள்ளி வரும். பழைய பம்பர் நெளிந்திருந்தாலும் உலோகம் தடிமனாக இருந்தால், அதையே தட்டி நிமிர்த்தி, செம்பு, நிக்கல், குரோம் என மூன்று பூச்சும் போட்டு வாங்குவது லாபம்.

ஆர்டிஓ-வில் என்ன கேட்பார்கள்?

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு ‘விஏ’ எழுத்து கொண்ட தனி நம்பர் பிளேட் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது.

இதில் நகல் பாகம் எங்கே வருகிறது? வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி ஷெல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது விதி. பிரேக் கப்பும் ஹோஸும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மைலேஜுக்காக பெட்ரோல் என்ஜினைத் தூக்கிவிட்டு டீசல் என்ஜின் வைத்த அம்பாசிடரும், புது பாடி அடித்து ஏற்றிய ஜீப்பும் அங்கே சிக்கும். ‘விஏ’ நம்பர் வேண்டாம், சாதாரணப் பதிவிலேயே ஓட்டுகிறேன் என்றாலும், என்ஜின் மாற்றம் ஆர்சி-யில் ஏறியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 அதைத்தான் சொல்கிறது. 20 ஆண்டு தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய் ஆகிவிட்டது.

பட்டறையில் வண்டியை விடும்போது செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. “கழட்டுன பழைய பார்ட்டு எல்லாம் ஒரு சாக்குல போட்டுக் குடுத்துருங்கண்ணா” என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். என்ன மாற்றினார்கள், எதை மாற்றாமலே பில் போட்டார்கள் என்பது அந்தச் சாக்கைக் கொட்டினால் தெரியும். புதிதாக மாட்டிய நகல் சரியில்லை என்றால் மறுபடி அளவெடுக்கவும் அந்தப் பழைய பாகம்தான் வேண்டும். பில்லோடு சேர்த்து அதை எடைக்குப் போட்டுவிட்டால், அடுத்த முறை லேத்காரரிடம் காட்ட கையில் ஒன்றும் இருக்காது.